மழைக்கு முன்னாடி தடத்தைக் காப்பாத்துங்க! மினி டிராக்டரும் பிளேடும் இருந்தா ஓர வாய்க்கால் ரெடி

தாராபுரம்:

வடகிழக்கு பருவமழை தொடங்கி விட்டால் தாராபுரம், காங்கயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் தோட்டத்தில் குடியிருப்பவர்களுக்கு முதல் கவலை தடம்தான். மெயின் ரோட்டில் இருந்து சாளைக்கு வருகிற மண் தடம் ரெண்டு மழையில் சேறாகி விடும். பால் வண்டி உள்ளே வராது. வெங்காய மூட்டை ஏற்ற வந்த லோடு வண்டி பாதி வழியில் புதைந்து நிற்கும். ஸ்கூல் வேன் டிரைவர் "புள்ளைய ரோட்டுக்குக் கூட்டிட்டு வந்துருங்க" என்று சொல்லி விடுவார். ராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் 108 ஆம்புலன்சும் ரோட்டோடு நின்று விடும்.

மழை மேல் பழி போட்டுப் பிரயோஜனம் இல்லை. தடத்து ஓரத்தில் தண்ணி ஓட வேண்டிய வாய்க்கால் தூர்ந்து போனதுதான் காரணம். ஓட வழி இல்லாத தண்ணி தடத்திலேயே ஓடும். தடமே வாய்க்கால் ஆகி விடும்.

இதைச் சரி பண்ண பெரிய மெஷின் வேண்டியதில்லை. 18 முதல் 28 எச்.பி. வரை உள்ள மினி டிராக்டரும், பின்னால் மாட்டுகிற ஒரு பிளேடும் போதும். எப்படிச் செய்வது, எதில் உஷாராக இருக்க வேண்டும் என்ற முழு விவரம் வருமாறு:

கணக்கைப் பாருங்க

ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் விழுகிற தண்ணி 40 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணி லாரி மூன்றுக்கும் மேல். ஒரு ராத்திரியில் 5 செ.மீ. பெய்தால் 2 லட்சம் லிட்டர். மண் குடித்தது போக மிச்சம் எல்லாம் பள்ளமான இடத்தைத் தேடித்தான் ஓடும். மேட்டுக் காட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் உங்கள் தடம் பள்ளமாகக் கிடந்தால், அத்தனையும் அதில்தான் இறங்கும்.

தமிழ்நாட்டின் வருஷ மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்தில் கிடைக்கிறது. அதிலும் பல வருஷங்களில் சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்து விடுகிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அந்த மாதிரி மழைக்கு எந்த வாய்க்காலும் தாங்காது. ஆனால் சாதாரணமாகப் பெய்கிற 4, 5 செ.மீ. மழைக்கே தடம் போகிறது என்றால், அது நம்ம கையில் இருக்கிற வேலை.

இன்னொரு கணக்கு. 300 அடி நீளம், மேலே 4 அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் 'வி' வடிவ வாய்க்கால் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். அடியில் 4 அங்குலம் வண்டல் சேர்ந்தால் அள்ள வேண்டிய மண் 66 கன அடி. ஒரு யூனிட் கூட இல்லை. அரை நாள் வேலை. அதையே விட்டு விட்டு முழுசாகத் தூர்ந்து போனால் 600 கன அடி. அதாவது 6 யூனிட். அப்புறம் ஜே.சி.பி.தான் கூப்பிட வேண்டும். வருஷா வருஷம் கொஞ்சம் பார்த்துக் கொண்டால் செலவு மிச்சம்.

எப்போ இறங்கணும்?

மழை தொடங்குவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்னால். புரட்டாசி தொடக்கம் சரியான நேரம். ஏன் முன்னாலேயே? சுரண்டின மண்ணில் மறுபடி புல் பிடிக்க அவகாசம் வேண்டும். முந்தின நாள் சுரண்டி மறுநாள் மழை வந்தால், வெறும் மண் கரைந்து மறுபடி வாய்க்காலுக்குள்ளேயே போய் விழும்.

மண் பதமும் முக்கியம். ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்து, விரலால் குத்தினால் உதிர வேண்டும். அதுதான் பதம். பிசுபிசுவென்று ஒட்டினால் ரெண்டு நாள் காத்திருங்கள். கல்லு மாதிரி இருந்தால் பிளேடு கடிக்காது, மேலே வழுக்கிக் கொண்டு போகும். சரளை கலந்த செம்மண் என்றால் லேசான ஒரு தூறலுக்குப் பிறகு இறங்கினால் வேலை சுலபம். கரிசல் மண் ஈரத்தில் சக்கரத்தைப் பிடித்துக் கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதற்கு ரெண்டுக்கும் நடுவில் உள்ள சில நாட்கள்தான் வாய்ப்பு. தவற விடக்கூடாது.

டிராக்டர் ஏறும் முன்

1. புல்லையும் முள்ளையும் முதலில் வெட்டி அகற்றுங்கள். நீளமான புல்லோடு சுரண்டினால் பிளேடில் சுருட்டிக் கொள்ளும்.

2. கம்பு எடுத்துத் தட்டிக் கொண்டே ஒரு முறை நடந்து பாருங்கள். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இந்த மாதிரி இடத்தில்தான் சுருண்டு கிடக்கும். கம் பூட்ஸ் போட்டுக் கொள்வது நல்லது. கடித்து விட்டால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறி விடுவது, மந்திரிப்பது எல்லாம் வேண்டாம். நேராக அரசு ஆஸ்பத்திரி.

3. மண்ணுக்குள் என்ன போகிறது என்று விசாரியுங்கள். சொட்டுநீர் மெயின் பி.வி.சி. பைப், மோட்டார் கேபிள், குடிதண்ணி பைப், நெட் கேபிள் எது இருந்தாலும் அந்த இடத்தில் குச்சி நட்டு சிகப்புத் துணி கட்டுங்கள். மின்கம்பத்தின் ஸ்டே கம்பியையும் மறக்காதீர்கள். கம்பி அறுந்து கிடந்தாலோ, கம்பம் சாய்ந்திருந்தாலோ கிட்டே போக வேண்டாம். மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள்.

4. மட்டம் பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். 100 அடிக்கு அரை அடி முதல் ஒரு அடி வரை இறக்கம் இருந்தால் தண்ணி தேங்காமலும் ஓடும், மண்ணை அறுக்காமலும் ஓடும். கண்ணால் பார்த்தால் இறக்கம் மாதிரி தெரிகிற இடம் டியூப் வைத்தால் மேடாக இருக்கும். நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான்.

5. கடைசியில் தண்ணி எங்கே போகப் போகிறது? இதற்குப் பதில் தெரியாமல் டிராக்டரை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. பண்ணைக் குட்டை, குளம், பொது ஓடை என்று ஏதாவது ஒரு போக்கிடம் வேண்டும்.

பிளேடு செட்டிங் இதுதான்

இந்த பிளேடை கடைகளில் டெரேசர் பிளேடு, லெவல் பிளேடு என்று பல பெயரில் சொல்கிறார்கள். மினி டிராக்டருக்கு 4 அடி அல்லது 5 அடி அகலம் சரியாக இருக்கும். வாங்கும்போது ஒன்று பாருங்கள். பிளேடு நேராக மட்டும் நிற்கிற மாடலா, பின்னைக் கழற்றிக் கோணம் மாற்றுகிற மாடலா? வாய்க்கால் வேலைக்குக் கோணம் மாற்றுகிற மாடல்தான் வேண்டும். அகலமும் டிராக்டரின் பின் சக்கரத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக் கொண்டிருக்க வேண்டும்.

மாட்ட வேண்டிய முறை:

* வாய்க்கால் எப்போதும் டிராக்டரின் வலது பக்கம் இருக்கட்டும். பெரும்பாலான டிராக்டர்களில் வலது லிப்ட் ராடில்தான் உயரம் மாற்றுகிற ஸ்க்ரூ இருக்கும். எதிர்ப் பக்க வாய்க்காலுக்கு? வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்தால் அதுவும் வலது பக்கம் வந்து விடும். செட்டிங்கை மாற்றத் தேவையில்லை.

* பிளேடின் வலது முனை முன்னாலும், இடது முனை பின்னாலும் இருக்கும்படி 30 டிகிரி அளவுக்குக் கோணம் வையுங்கள். அப்போதுதான் சுரண்டின மண் இடது பக்கமாக, தடத்தை நோக்கி வழிந்து வரும். நேராக வைத்தால் மண் முன்னால் குவிந்து இன்ஜினைத் திணற வைக்கும்.

* லிப்ட் ராடு ஸ்க்ரூவைச் சுற்றி வலது முனையைத் தாழ்த்துங்கள். அந்த முனைதான் வாய்க்காலின் அடியைக் கீறப் போகிறது.

* டாப் லிங்கை ரெண்டு சுற்று மாற்றி, பத்தடி ஓட்டிப் பாருங்கள். எந்த நிலையில் மண்ணைக் கடிக்கிறது என்று அந்த மண்ணே சொல்லி விடும். தாராபுரம் சரளைக்கு வைத்த செட்டிங் உடுமலை கரிசலுக்கு ஒத்து வராது.

* செக் செயினை இறுக்குங்கள். லூசாக இருந்தால் பிளேடு ஆடி ஆடி வாய்க்கால் பாம்பு போன மாதிரி வளையும்.

* ஹைட்ராலிக்கில் பொசிஷன் கண்ட்ரோல் மட்டும் உபயோகிங்க. டிராப்ட் லிவர் வேண்டாம்.

ஓட்டுவது எப்படி?

முதல் கியர், லோ. நடந்து போகிற வேகத்தை விடக் குறைவு. ஒரு முறைக்கு ரெண்டு அங்குலம் மட்டும் சீவுங்கள். ஒரே போக்கில் அரை அடி அள்ளலாம் என்று ஆசைப்பட்டால் பின் சக்கரம் சுற்றும், முன் சக்கரம் தூக்கும், லிங்கேஜ் பின் வளையும்.

முதல் போக்கில் நாலு சக்கரமும் தடத்திலேயே இருக்கட்டும். பிளேடு முனை மட்டும் வாய்க்கால் ஓரத்தைக் கீறிக் கொண்டு வரட்டும். ரெண்டாவது, மூன்றாவது போக்கில் வலது சக்கரம் அந்தக் கீறலில் இறங்கி ஓடும். இப்படியே நாலைந்து போக்கில் வாய்க்கால் தானாக வடிவம் எடுத்து விடும்.

முன் சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் பின்னால் இருக்கிற பிளேடு கீழே குத்தும். சக்கரம் குழியில் இறங்கினால் பிளேடு தூக்கிக் கொள்ளும். அதனால் ஒரு கை எப்பவும் லிவரிலேயே இருக்கட்டும். பழகாதவர்கள் ஓட்டினால் வாய்க்கால் அலை அலையாக வருவதற்கு இதுதான் காரணம். அலையில் தண்ணி தேங்கும். ஒரு வாரம், பத்து நாள் தேங்கினால் கொசு உற்பத்தி ஆகி விடும்.

சுரண்டின மண்ணை என்ன செய்வது? பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். தடத்து ஓரத்திலேயே வரப்பு மாதிரி விட்டு விட்டுப் போய் விடுகிறார்கள். அந்த வரப்பு தண்ணியை வாய்க்காலுக்குப் போக விடாது. வாய்க்கால் காலியாக இருக்கும், தடத்தில் தண்ணி நிற்கும். அதனால் பிளேடை மட்டத்துக்குக் கொண்டு வந்து, அந்த மண்ணைத் தடத்தின் நடுவுக்குத் தள்ளிப் பரப்புங்கள். பத்தடி அகலத் தடம் என்றால் ஓரத்தை விட நடு ரெண்டரை அங்குலம் உயரமாக இருக்க வேண்டும். ஆமை ஓடு மாதிரி. அப்போதுதான் விழுகிற மழை ரெண்டு பக்கமும் வழியும். புல் வேர், இலை தழை கலந்த மண்ணைத் தடத்தில் போடாதீர்கள். அது மக்கி மெத்து மெத்தென்று ஆகி விடும். தோட்டத்து மரத்தடியில் கொட்டுங்கள். நல்ல சரளை மண்ணை மட்டும் தடத்துக்குக் கொடுங்கள்.

சரிவில் இருக்கிற புல்லை முழுசாகச் சுரண்டி எடுக்க வேண்டாம். அடியில் உள்ள வண்டலை மட்டும் எடுத்தால் போதும். கரையைப் பிடித்துக் கொண்டிருப்பது அந்தப் புல்தான். இறக்கம் அதிகமான இடத்தில் இடைவெளி விட்டுக் கல் அடுக்கி விட்டால் தண்ணியின் வேகம் குறையும். கரையில் வெட்டிவேர் வைத்தால் இன்னும் பலம்.

டிரைவர்களே, உஷார்!

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து என்றால் அது டிராக்டர் கவிழ்வதுதான். மினி டிராக்டர் பார்க்கச் சின்னதாக இருக்கிறது என்று அலட்சியம் கூடாது. அதன் சக்கர இடைவெளி குறைவு என்பதால் ஆபத்து கூடத்தான்.

சக்கர இடைவெளி 3 அடி என்றால், வலது சக்கரம் அரை அடி பள்ளத்தில் இறங்கினாலே வண்டி கிட்டத்தட்ட 10 டிகிரி சாய்ந்து விடும். ஒரு அடி இறங்கினால் 18 டிகிரி. அந்த நேரத்தில் மேட்டுப் பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறினாலோ, பள்ளத்துப் பக்கக் கரை சரிந்தாலோ கதை முடிந்தது. எனவே சக்கரம் அரை அடிக்கு மேல் இறங்க வேண்டிய ஆழம் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். மிச்சத்தை மண்வெட்டியால் பாருங்கள். இல்லையென்றால் ஜே.சி.பி. கூப்பிடுங்கள். கிணற்று மேட்டுப் பக்கம், குட்டைக் கரைப் பக்கம் டிராக்டரை ஓரத்துக்குக் கொண்டு போகவே வேண்டாம்.

இன்னும் சில:

* பிளேடு கடிக்கவில்லை என்று அதன் மேல் ஆளை ஏற்றி நிறுத்துவது நம்ம ஊரில் சகஜம். இதை அடியோடு விடுங்கள். கல்லில் தட்டினால் நிற்பவர் சக்கரத்துக்கும் பிளேடுக்கும் நடுவில்தான் விழுவார். எடை வேண்டும் என்றால் மணல் மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டுங்கள்.

* மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்ட வேண்டாம். "அப்பா, நானும் வர்றேன்" என்று அழுதாலும் சரி.

* வண்டியில் பாதுகாப்புக் கம்பிச் சட்டம் இருந்தால் சீட் பெல்ட் போடுங்கள். சட்டம் இல்லாத வண்டி என்றால் சரிவான இடத்துக்கே போகாதீர்கள்.

* இறங்கும் முன் பிளேடைத் தரையில் இறக்கி, இன்ஜினை ஆப் பண்ணி, ஹேண்ட் பிரேக் போடுங்கள். தூக்கின பிளேடுக்கு அடியில் கை, கால் விட்டு எதையும் எடுக்காதீர்கள். ஹைட்ராலிக் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது.

* பிரேக் பெடல் ரெண்டையும் லாக் போட்டு இணைத்து வையுங்கள். சரிவில் ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்தால் வண்டி திரும்பிக் கொள்ளும்.

குழாய் அடைப்பு எடுத்தாச்சா?

கேட்டுக்கு அடியில், தடம் திரும்புகிற இடத்தில் சிமெண்ட் குழாய் போட்டிருப்பார்கள். வாய்க்கால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்தக் குழாய் அடைத்தால் எல்லாம் வீண். தென்னை மட்டை, பாளை, பிளாஸ்டிக் கவர்தான் அடைப்புக்குக் காரணம். நீள மூங்கில் விட்டுக் குத்தி எடுங்கள். பிளேடால் குழாய் வாயைச் சுரண்டப் போகாதீர்கள், உடைந்து விடும். குழாய்க்கு ரெண்டு பக்கமும் அஞ்சடி தூரத்துக்கு மண்வெட்டி வேலைதான்.

புதுசாகப் போடுபவர்கள் ஒரு அடி விட்டத்துக்குக் குறையாமல் போடுங்கள். அதை விடச் சின்னது என்றால் உள்ளே கம்பு விட்டு அடைப்பு எடுக்கவே சிரமம். லோடு வண்டி போகிற இடம் என்றால் என்.பி.3 தரம் கேட்டு வாங்குங்கள். குழாய்க்கு மேலே ஒரு அடியாவது மண் இருக்க வேண்டும்.

பக்கத்துக் காட்டுக்காரரோடு தகராறு வேண்டாம்

வாய்க்கால் வெட்டி விட்டு தண்ணியைப் பக்கத்துக் காட்டில் திருப்பி விடுவதும், அவர் கோபத்தில் மண்ணைக் கொட்டி அடைப்பதும், கடைசியில் போலீஸ் ஸ்டேஷன் வரை போவதும் நடக்கிற கதைதான். சட்டம் என்ன சொல்கிறது?

மேட்டு நிலத்தில் விழுகிற மழைத் தண்ணி, எந்த வாய்க்காலிலும் சேராமல் இயற்கையாகப் பள்ளத்து நிலத்துக்கு வழிந்தால் அதைக் கீழே உள்ளவர் அனுமதிக்க வேண்டும் என்பதை 1882-ம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் மேட்டுக்காரரின் உரிமையாகச் சொல்கிறது. ஆனால் நீங்களே வாய்க்கால் வெட்டி, எல்லாத் தண்ணியையும் ஒரே இடத்தில் சேர்த்து அவர் வெங்காயக் காட்டில் இறக்கினால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. அது வேறு விஷயம்.

வாய்க்கால் போகிற இடம் யாருடையது என்று சந்தேகம் வந்தால் சர்வேயரிடம் புல வரைபடம் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு, வண்டிப்பாதை என்று பதிவாகி இருந்தால் அதை அடைக்கவோ, சொந்தக் காட்டோடு சேர்க்கவோ யாருக்கும் உரிமை கிடையாது. தடம் மெயின் ரோட்டில் சேருகிற இடத்தில் உள்ள வாய்க்காலும் நம்முடையது இல்லை. அங்கே குழாய் போட, வெட்ட வேண்டும் என்றால் நெடுஞ்சாலைத் துறை அல்லது ஊராட்சியில் கேட்டு விட்டுத்தான் செய்ய வேண்டும்.

இட்டேரி மாதிரி நாலைந்து தோட்டத்துக்குப் பொதுவான தடம் என்றால் எல்லோரும் ஒரு நாள் கூடி, டீசல் செலவைப் பங்கு போட்டு, மேலிருந்து கீழ் வரை ஒரே மூச்சில் செய்வதுதான் புத்திசாலித்தனம். நடுவில் ஒருத்தர் விட்டு விட்டாலும் அவர் வாசலில்தான் தண்ணி நிற்கும். அப்புறம் அவர் மேல் உள்ளவருக்கும் நிற்கும்.

சொந்த டிராக்டர் இல்லையா?

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், மண் தள்ளும் இயந்திரங்களை வாடகைக்குக் கொடுக்கிறது. 2018-ல் வந்த உழவன் செயலியில் விவரம் பார்க்கலாம். பிளேடு இருக்கிறதா, இப்போதைய வாடகை எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக் கொள்ளுங்கள். மழை நெருங்கின பிறகு கேட்டால் வண்டி கிடைப்பது கஷ்டம்.

ஒரு பார்வையில்...

* நேரம்: மழைக்கு 3, 4 வாரம் முன்
* இறக்கம்: 100 அடிக்கு அரை முதல் ஒரு அடி
* பிளேடு: 30 டிகிரி கோணம், வாய்க்கால் பக்க முனை முன்னாலும் தாழ்வாகவும்
* ஒரு போக்குக்கு: 2 அங்குலம்
* சக்கரம் இறங்கலாம்: அரை அடி வரை மட்டும்
* தடம் நடு உயரம்: 10 அடிக்கு ரெண்டரை அங்குலம்
* சிமெண்ட் குழாய்: ஒரு அடி விட்டம், மேலே ஒரு அடி மண்

முதல் மழை பெய்தவுடன் குடையை எடுத்துக் கொண்டு தடத்தில் ஒரு நடை போய் வாருங்கள். தண்ணி எங்கே நிற்கிறது, எங்கே அறுக்கிறது என்று அப்போதுதான் சரியாகத் தெரியும். அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். மழை விட்டு மண் பதம் வந்ததும் ரெண்டு மண்வெட்டி போட்டால் போதும், டிசம்பர் வரை பால் வண்டி வாசலுக்கே வரும்.